பாரீஸ்காரர்களின் விசில்

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட என் பிலோவுக்கு,

உன் மகன் உன் சத்தத்தை எடுத்துவிட்டான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. உன் முதலாம் ஆண்டுப் பூசை முடிந்ததும் நம்ம கோயில் மண்டபத்தில் போட்டுக் காட்ட ஒரு வீடியோ செய்து அனுப்பியிருக்கிறான். உன் கல்யாணப் போட்டோ, பேத்தி ஞானஸ்நானம், எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. நடுவில், உங்கள் பாரீஸ் வீட்டு ஹாலில் டிவியில் டென்னிஸ் பார்த்து நீ எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்துகிற இடம் வருகிறது. வாய் திறந்திருக்கிறது. சத்தம் இல்லை. உன் குரல் இருந்த இடத்தில் பியானோ வாசிக்கிறது.

உடனே போன் போட்டேன்.

"ஆன்றி, உங்கம்மா குரல் எங்கடா?"

"பெரியம்மா, அது ரொம்பக் கத்தல். இங்க என் ஆபீஸ் பிரெண்ட்ஸ் எல்லாம் பாப்பாங்க. கொஞ்சம் டீசன்ட்டா இருக்கட்டுமேன்னுதான்."

"உங்கம்மா டீசன்ட்டு இல்லியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல. அந்த பிளேயரையே இங்க யாருக்கும் புடிக்காது. அவளுக்காக அம்மா இந்தக் கத்து கத்துனா சிரிக்க மாட்டாங்களா?"

யாருக்கும் பிடிக்காதாம். உன் அம்மாவுக்குப் பிடித்ததேடா என்று கேட்பதற்குள் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான். அதனால்தான் இதை எழுதிக் கோயில் மலர்ப் பத்திரிகையில் போடக் கொடுத்திருக்கிறேன். உனக்கு எழுதுகிறேன், அவனும் படிக்கட்டும்.

அந்தப் பிளேயர் பெயர் நம்ம வாயில் நுழையாது. நாம் வைத்த பெயர் மலைக்காரி. ஏதோ ஒரு சின்ன மலைநாட்டுப் பெண். டென்னிஸ் என்றால் என்னவென்று தெரியாமல், கரண்டு வந்த நேரத்தில் டிவியைத் திருப்பியபோதுதான் முதன்முதலில் அவளைப் பார்த்தேன். இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து இடுப்பைத் திருப்பி அடித்தாள். அடிக்கும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம். ஹா! எனக்கு உடம்பு சிலிர்த்தது. களத்தில் நாம் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நின்று நெல்லுக்கட்டு அடித்தோமே, அந்தச் சத்தம். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் நம் கைக்கு வந்த வேலை அது. சத்தம் போடாமல் கட்டு அடித்தால் ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கும், ஞாபகம் இருக்கிறதா?

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். பேப்பரின் கடைசிப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, பதினைந்து, முப்பது, நாற்பது என்று கணக்கைப் பிடித்துக்கொண்டேன். முப்பதுக்குப் பிறகு ஏன் நாற்பத்தைந்து இல்லை என்று உன்னைக் கேட்டேன். "அது அப்படித்தாங்க்கா, கேள்வி கேக்காத" என்றாய். எனக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

பாரீஸ் செம்மண் மைதானத்தில் ஆட்டம் நடக்கிற வெயில் காலம்தான் நமக்குத் திருவிழா. நீ அங்கே டிவி முன்னால், நான் இங்கே டிவி முன்னால், நடுவில் போன். உன் டிவியில் பந்து முதலில் விழும். என் டிவிக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் நீ கத்திய பிறகுதான் எனக்கு அந்த அடி தெரியும். "சொல்லாதடி, சொல்லாதடி" என்று நான் கெஞ்சுவேன். நீ கத்துவாய். உன் குரலைக் கேட்டு நான் சிரிக்க ஆரம்பித்த பிறகு என் டிவியில் மலைக்காரி ஜெயிப்பாள்.

நல்லவாட்டுக் குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் அஞ்சலையை உனக்குத் தெரியும். மீன் கூடை காலியானதும் பஸ் வரும்வரை நம்ம வீட்டில்தான் இருப்பாள். முதல் நாள் டிவியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இந்தப் பொண்ணு வலை இழுக்குற மாதிரி கத்துது?" என்று கேட்டாள். அடுத்த நாளிலிருந்து ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். அவள் புருஷன் போன் போட்டால், "மேட்ச்சு முடியல, சோத்தப் போட்டுத் துன்னு" என்பாள்.

மைதானத்தில் விசில் பறக்கும். நான் உன்னிடம், "பாத்தியாடி, உங்க ஊர்க்காரனுங்க எப்படிக் கொண்டாடுறானுங்க!" என்பேன். நீ ஸ்கோரைச் சொல்லிப் பேச்சை மாற்றுவாய். அஞ்சலை இரண்டு விரலை வாயில் வைத்து டிவியைப் பார்த்து அவர்களோடு சேர்ந்து விசிலடிப்பாள். எத்தனை கோடை அப்படிப் போனது! ஒருநாள் நீயே சொன்னாய்.

"அக்கா, கோவிச்சுக்காத. இங்க விசிலடிச்சா திட்டுறாங்கன்னு அர்த்தம்."

"இன்னாடி சொல்ற?"

"அவள அவங்களுக்குப் புடிக்காதுக்கா. போ போன்னு வெரட்டுறாங்க."

எனக்குக் கோபம் பாரீஸ்காரர்கள் மேல் வரவில்லை, உன் மேல் வந்தது. திட்டுகிறவர்களோடு சேர்ந்து என்னை இத்தனை காலம் கைதட்ட விட்டாயே? "நீ சந்தோஷமா இருந்த. எதுக்குக் கெடுக்கணும்?" என்றாய். அஞ்சலையிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அவனுங்களுக்கு விசிலடிக்கவே தெரியல, வுடும்மா" என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒரே பெண், ஒரே ஆட்டம். இங்கே கும்பிடுகிறோம், அங்கே விரட்டுகிறார்கள். ஏன்? நீயும் நானும் இதைப் பேசித் தீர்த்ததே இல்லை. அவர்கள் ஊர்ப் பெண்ணை அவள் தோற்கடித்தாள், அந்த வலி அவர்களுக்கு. நமக்கு அந்த மைதானத்தில் ஆளே கிடையாது, யாரையும் விரும்பலாம். இது ஒன்று. நடுவரிடம் போய், செம்மண்ணில் பந்து பதிந்த இடத்தைக் காட்டி, இறங்கி வந்து பார் என்று நிற்பாளே, அது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. ரேஷன் கார்டில் பெயர் திருத்தக்கூட நின்று சண்டை போட்டே பழகிய நமக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. நம் வீட்டுப் பெண் ஒருத்தி ஆபீசில் நிற்பது போல.

"நீ தூரத்துல இருந்து பாக்குறக்கா. பக்கத்துல ஒக்காந்தா காது வலிக்கும். காசு குடுத்து வந்தவங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கு" என்பாய் நீ. அந்த ஊரில் வாழ்ந்தவள், அவர்கள் பக்கமும் உனக்குத் தெரியும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் இல்லை. வலியோடு வேலை செய்கிற உடம்பு சத்தம் போடும். அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டு வளர்ந்த ஊரில் அவளைப் பிடிக்கும். கேட்காத ஊரில் அது காட்டுக்கத்தல். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊர்தான் உன்னையும் அடக்கியது, பிலோ. கதவை மெதுவாகச் சாத்த வேண்டும், படியில் மெதுவாக இறங்க வேண்டும், குழாயை ராத்திரி திறக்கக் கூடாது. களத்தில் என்னைவிடச் சத்தமாகக் கட்டு அடித்தவள், போனில் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தாய். ஏன்டி என்று கேட்டால், "பக்கத்து வூட்டுக்காரம்மா செவுத்தத் தட்டுறாங்கக்கா" என்றாய். மலைக்காரி ஆடும்போது மட்டும்தான் உனக்குப் பழைய குரல் வந்தது. சுவரைத் தட்டினாலும் நீ நிறுத்தவில்லை. அதைத்தான் ஆன்றி எடுத்துவிட்டான்.

உன் குரல் என்னிடம் வேறு எதிலும் இல்லை. போனில் பேசியதெல்லாம் பேசின காற்றோடு போயிற்று. பதிந்து வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

உனக்கு ஒரு செய்தி. இந்த வருஷத்தோடு மலைக்காரி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டாள். பாரீஸில் கடைசியாக ஆடித் தோற்றாள். அதே ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு விசில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை அழுதாள், "இப்பவாவது தெரிஞ்சிதே" என்றாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. இனிமேல் அவள் கத்தப் போவதில்லை என்று தெரிந்த பிறகு கைதட்டுவதில் என்ன பெருமை? அன்றைக்குப் போன் சும்மா கிடந்தது. என் டிவியில் பந்து விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். ஆன்றி அந்தப் பியானோவை எடுத்துவிட்டு உன் குரலைத் திரும்ப வைத்து, பூசைக்கு முன்னால் அனுப்ப வேண்டும். அவன் நண்பர்கள் சிரித்தால், இது எங்க அம்மா என்று சொல்ல அவன் கற்றுக்கொள்ள வேண்டும். பங்குச்சாமியார் மண்டபத்து ஸ்பீக்கரை அந்த இடத்தில் குறைக்கச் சொல்லக் கூடாது; நான் போய்க் கேட்டுவிட்டேன், தலையாட்டினார், தலையாட்டியது போதாது, வாயால் சொல்ல வேண்டும். துக்க வீட்டில் இதென்ன கூத்து என்று முணுமுணுக்கிற நம்ம சொந்தக்காரர்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்ளலாம், காபி அங்கேயே வரும். அஞ்சலை வேதக்காரி இல்லை, ஞானஸ்நானம் வாங்காதவள் என்று யாரும் அவளைப் பின்னால் தள்ளக் கூடாது. முதல் வரிசை, என் பக்கத்து நாற்காலி அவளுக்கு.

நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆன்றி அனுப்பாவிட்டால், படத்தில் நீ வாயைத் திறக்கிற அந்த இடத்தில் நான் எழுந்து நின்று கத்துவேன். இந்த வயதிலும் என் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. இது சத்தியம்.

உன்னோடு ஒரே களத்தில் நின்ற
உன் அக்கா லூர்து மேரி