சாராள் கைகொடுக்காத ஞாயிறு

என் அன்புத் தம்பி தேவசகாயத்துக்கு,

நீ இந்தியாவுக்குக் கப்பலேறியபின் வந்த இரண்டாவது மழைக்காலம் இது. றொசல்லப் பக்கம் நாள் முழுக்க மலையே தெரிவதில்லை. நம் சிற்றாலயத்துத் தகரம் இன்னும் அதே இடத்தில்தான் ஒழுகுகிறது. அட்டனிலிருந்து மாதம் ஒருமுறை புதுப்போதகர் வருகிறார். நல்லவர், உன்னைவிடச் சுருக்கமாகப் பிரசங்கிக்கிறார்!

திருவிருந்துக்கு முன் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்து "சமாதானம்" சொல்லும் வழக்கத்தை நீதானே தொடங்கினாய்? அது நின்றுபோக இருந்தது.

நம் ஆட்களின் பழக்கம் உனக்குத் தெரியும். லயத்து வரிசை வீடுகளில் சண்டை வந்தால் தோட்டத் தலைவர் இருவரையும் கூப்பிட்டுக் கைகொடுக்கச் சொல்வார். கொடுத்துவிட்டால் வழக்கு முடிந்தது. அப்புறம் அதைப்பற்றி வாய் திறக்கக்கூடாது.

மேல் லயத்துச் சாராளின் புருஷன் இறந்தபின், பக்கத்து வீட்டு அருளப்பன் கங்காணி வேலியைப் பிடுங்கி அவளுடைய மரக்கறிப் பாத்திக்குள் நட்டுக்கொண்டார். அவர்தான் இப்போது நம் சபை மூப்பர். போன மாதம் ஆராதனையில் அவரே சிரித்தபடி வந்து கையை நீட்டினார். சாராள் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கை குடுத்தா பாத்தியும் போயிரும்ங்க."

"பகைய வச்சிக்கிட்டு பந்திக்கு வரலாமா?" என்றார் மூப்பர். பலர் தலையாட்டினார்கள். சாராள் திருவிருந்தில் சேராமல் மழையில் இறங்கிப் போனாள். இந்த வழக்கத்தையே விட்டுவிடலாமா என்று போதகர் என்னிடம் கேட்டார்.

கூடாது என்றேன். சமாதானத்துக்கு எபிரேயர் சொல்லும் ஷாலோம், சண்டை ஓய்ந்ததை மட்டும் குறிப்பதல்ல, ஒரு குறையுமில்லாமல் முழுதாயிருப்பது என்று நீ சொல்வாய். நலம் விசாரிப்பதும் அந்தச் சொல்லால்தானாம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் பூட்டிய வீட்டுக்குள் வந்து அப்படி வாழ்த்தியபோது தம் காயங்களை மறைக்கவில்லை, காட்டினார். சாராள் மட்டும் ஏன் மறைக்கவேண்டும்?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் மூப்பர் வீட்டுக்குப் போனேன்.

"நீங்க சமாதானம்னு சொன்னா, 'ஒனக்கு ஏதும் கொறையுதா'ன்னு கேக்கறீங்கன்னு அர்த்தம். கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்காமப் போகலாமா?"

"டீச்சரம்மா, வேதத்தக் கொண்டாந்து வேலியில கட்டுறீங்களே!"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "வேலி எங்க இருந்திச்சின்னு கர்த்தருக்குத் தெரியும். எனக்குந்தான் தெரியும்."

அந்த வாரத்துக்குள் வேலி பழைய இடத்துக்குப் போய்விட்டது.

நேற்று ஆராதனையில் அவர் சாராளின் பெஞ்சுக்கு வந்தார். கையை நீட்டவில்லை.

"சாராளு, ஒனக்குச் சமாதானமா?"

"வேலி சரிங்க. நான் நட்ட கொடியில காச்ச போஞ்சியெல்லாம் நீங்க தின்னுட்டீங்களே?"

சபையே சிரித்தது. "வெத தாறேன், புள்ள," என்றார் மூப்பர், தரையைப் பார்த்தபடி. இப்போது சாராளே கையை நீட்டினாள். பந்தியில் அவள் என் பக்கத்தில் முழங்கால்படியிட்டாள்.

இந்த மண்ணில் யார் இருப்பது, யார் கப்பலேறுவது என்று நம்மைக் கேட்காமல் கொழும்பிலும் டில்லியிலும் பேசி முடிக்கிற காலம் இது, தம்பி. நம் குறையை யார் வந்து கேட்பார்கள்? எனக்குத் தெரியவில்லை. ஆனால் இங்கே இருக்கும்வரை, உன் வாழ்த்தை வெறும் சடங்காக்க விடமாட்டேன். பதில் வரும்வரை நிற்பேன்.

உன்னோடு பிறந்தவள்,
உன் அக்கா கிரேஸ்