தொட்டிக்கு வேறு தண்ணீர்

மார்ச் 4

இன்று மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரை போட்டேன், ஒன்றும் தொடவில்லை. அப்புறம்தான் கவனித்தேன் - சாக்கடையைச் சுத்தமாக்கக் காற்று ஊதும் பெரிய மெஷின் சத்தம் இல்லை.

ஊர்ச் சாக்கடையெல்லாம் இங்கே வந்து, சுத்தமாகி, ஆற்றுக்குப் போகிறது. போகிற வழியில், வாசலோரம், அந்தக் கண்ணாடித் தொட்டி. தண்ணீர் சுத்தம்தான் என்று வருகிறவர்களுக்குக் காட்ட, அந்தத் தண்ணீரையே அதில் நிரப்பி மீன் விட்டிருக்கிறார்கள். கூட்டுவதும் மீனைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. மீன் என்னை எதுவும் கேட்காது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்லியே என்னை விரட்டிவிட்டார்கள்.

மார்ச் 5

பாதி மீன் செத்து மிதந்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்தார்.

"மெஷின் எரிஞ்சு போச்சு. புதுசு வர நாளாகும். நீ கிணத்துலேர்ந்து ஒரு ஓஸ் பைப் போட்டுத் தொட்டிக்கு விடு. புது மீன் வாங்கித் தரேன்."

அப்போ ஆத்துக்கு? கேட்க வாய் வரை வந்தது.

"வெளிய சொல்லாத. உனக்கு அது ஒண்ணும் கஷ்டமில்லையே, ஊமைக்கோட்டான்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்?

மார்ச் 9

மீன்கள் நன்றாக இருக்கின்றன.

மார்ச் 17

ஆற்றில் வீசிய அப்பா வலையில் இன்றும் மீன் இல்லை. கறுப்பாக, வழவழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

"உள்ள கொண்டு வராதீங்க, நாத்தம் தாங்கல," என்றாள் அம்மா. "மேல சாக்கடைய அப்படியே திறந்து விடறாங்க போல."

அப்பா என்னைப் பார்த்தார். "தொட்டியில மீனெல்லாம் எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்குப்பா."

"பாத்தியா? நம்ம புள்ள தினம் கண்ணால பாக்குது. தண்ணியில ஒண்ணுமில்ல. எனக்குத்தான் கை விளங்காமப் போச்சு."



மார்ச் 18

நான் பொய் சொல்லவில்லை. மீன் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் சொன்னால் வேலை போகும். இப்போது வீட்டில் வேலை என்று ஒன்று இருப்பது எனக்கு மட்டும்தான்.

மார்ச் 24

கூட்டிக்கொண்டே சூப்பர்வைசர் மேசை வரை போய்விட்டேன். "சார், மெஷின்..."

"அடடே, பேசுதே! வரும் வரும். தொட்டி பளிச்சுனு இருக்குல்ல, யாருக்கு என்ன அவசரம்?"

கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன்.

மார்ச் 29

அப்பா படகை விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போகப்போகிறார். வாங்குகிறவர் நாளை சாயங்காலம் வருகிறார்.

"கல்லு சுமக்கப் போறாராம், பெரிய பயில்வான்," என்றாள் அம்மா. சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரிப்பெடுத்துத் தோல் உரிந்திருக்கிறது.

"வலை வீசறதே மறந்துபோச்சு போல," என்றார்.

அப்பாவுக்கா? ஐயோ, அப்பாவுக்கா மறக்கும்? நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... சொல்லலியே. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?

மார்ச் 30

அப்பா இன்று நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டார். படகைக் கொடுக்கும் முன் ஒரு தடவை தன் கண்ணால் பார்க்கணுமாம். தொட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். உள்ளே மீன்கள் சுற்றிச் சுற்றி விளையாடின.

"நல்லாப் பாருங்க பெரியவரே. இதே தண்ணிதான் ஆத்துக்குப் போகுது," என்றார் சூப்பர்வைசர். "உங்க பொண்ணுதான் கவனிச்சுக்குது."

அப்பா தலையாட்டினார். "தண்ணி மேல வீணாப் பழி போட்டுடக் கூடாதுல்ல சார், அதுக்குத்தான் வந்தேன்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என் தலையைத் தொட்டார். கிளம்பத் திரும்பினார்.

தொட்டிக்குப் பின்னால் போனேன். கிணற்று ஓஸை வெளியே உருவி, தண்ணீர் ஓட ஓட, அப்பா கையில் கொடுத்தேன்.