ஈர அட்டையின் எடை

வேங்கிக்கால் மளிகைக் கடையில் இன்று முட்டை வாங்கப் போயிருந்தேன். சாரலில் நனைந்திருந்த முட்டை அட்டையைக் கடைக்காரர் என் பக்கம் நகர்த்தினார். ஊறிய பழைய பேப்பர் வாசனை. முட்டை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதி என்ன பயன்? ஆனாலும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் சேர்ந்து முட்டை அட்டை போட்டோம், ஒரு தகரக் கொட்டகையில். பழைய பேப்பரை ஊறவைத்து அரைத்துக் கூழாக்குவதும் அச்சில் எடுப்பதும் உன் பாடு. தராசும் ஆர்டரும் என் பாடு. காய்ந்த அட்டை எழுபது கிராம் இருக்க வேண்டும். குறைந்தால் அடுக்கு தாங்காது. கூடினால் கூழும் வீண், காயவும் நாளாகும். வெயில் காலத்தில் உன் கை தப்பியதே இல்லை.

கார்த்திகை மழையில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. தராசில் வைத்த அட்டையெல்லாம் எண்பதைத் தொட்டன.

"ஜாஸ்தி ஆவுது, கூழைக் கம்மி பண்ணுடி" என்றேன்.

"அது தண்ணி எடைடி. இன்னும் காயல. நாலு நாள் பொறு" என்றாய்.

"தராசு பொய் சொல்லுமா?" என்று எரிந்து விழுந்தேன். "சொன்னா கேக்க மாட்ட" என்று முணுமுணுத்தபடி கூழில் தண்ணீரை ஊற்றினாய்.

தராசு எழுபது காட்டியதும் அனுப்பிவிட்டேன். முட்டை வியாபாரியிடம் போய்க் காய்ந்தபின் எடை அறுபதுக்கு இறங்கியது. அடுக்கின் அடியில் இருந்தவை அமுங்கி, முட்டைகள் உடைந்து ஒழுகின. வியாபாரி கொட்டகைக்கே வந்து கத்தினார். பயத்தில் உன் பக்கம் கையைக் காட்டினேன்.

"கூழ் கலக்கறது இவதாங்க."

நீ என்னை ஒருமுறை பார்த்தாய். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் பிறகு வரவே இல்லை. நானும் தேடி வரவில்லை. எத்தனை பௌர்ணமி கிரிவலம் வந்திருக்கிறேன்! வழியில் அடி அண்ணாமலை ஊரில் உன் வாசலைத் தாண்டும்போது மட்டும் நடையை எட்டிப் போடுவேன். வெட்கம்தான், வேறென்ன.

சாவுக்கு வந்தேன். உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்மா உங்களப் பத்திப் பேசாத நாளே இல்ல பெரிம்மா. எடை பாக்கறதுல அவகிட்ட தப்பே வராதுன்னு சொல்லிக்கினே இருப்பாங்க."

பக்கத்திலேயே உன்னைக் கிடத்தியிருந்தார்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

தலையை ஆட்டினேனடி. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.