கிளெல் மல்லின்ஸின் வெண்கல வளையம்

கிளின்ட்வுட், வர்ஜீனியா
13 ஆகஸ்ட் 1979, திங்கள்

அன்பு மகள் லெனோராவுக்கு அப்பா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். ஜெர்மனியில் ஓயாத மழை என்று எழுதியிருந்தாய். இங்கே தக்காளிச் செடிகள் வாடிக் கிடக்கின்றன.

இன்று காலை உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓனா மல்லின்ஸ் உனக்கு விலைக்குத் தருவதாகச் சொன்ன பழைய பாஞ்சோவுக்குள் இருக்கும், தந்திகளின் ஒலிக்கே உயிர் தரும் வெண்கல வளையம் அதனுடையது அல்ல. சொன்னவர் அதைப் பிரித்துப் பார்த்த வெர்லின் சைக்ஸ். நானும் பக்கத்தில் நின்றேன்.

நீ கேட்டபடி இரண்டு பாஞ்சோக்களையும் பார்த்துவிட்டேன். பிரிஸ்டல் கடையில் இருப்பது புத்தம் புதியது. கழுத்து நேராக இருக்கிறது, பின்பக்க மரக்கிண்ணம் அசையாமல் பொருந்துகிறது, சத்தம் கடை முழுக்க நிறைகிறது. ஓனாவுடையது போருக்கு முன் செய்தது. அவர் கணவர் கிளெல் சாகும்வரை வாசித்தது. பழையது என்றாலே தலையாட்டுகிற ஊர் இது. அதனால் என் காதுகளை நம்பாமல், ஓனாவிடம் கேட்டு வாங்கி வெர்லினின் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

வெர்லின் நாலு வரி வாசித்துவிட்டு நிறுத்தினார். “என்னப்பா ஹோபர்ட், கிளெலுக்குத் தொண்டை கட்டிப்போச்சா?” என்றார். கிண்ணத்தை எடுத்து, கொக்கிகளைத் தளர்த்தி, தோலை நீக்கினார். மர விளிம்பில் நாற்பது வருடம் வளையம் அழுந்திய தடம் ஒன்று. இப்போது இருக்கும் வளையம் அதில் சேராமல், தீவன மூட்டைக் காகிதத்தை ஒட்டி இறுக்கப்பட்டிருந்தது. காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “இது நான் ஒட்டினது” என்றார்.

நடந்தது இதுதான். இரண்டு கோடைக்கு முன் கார்னெட் ராஸ்னிக் தன் இசைக்குழுவின் இசைத்தட்டுப் பதிவுக்காக, தன் பாஞ்சோவில் போடக் கிளெலின் வளையத்தை இரவல் கேட்டார். கிளெல் கொடுத்தார். இதே மேசையில் வெர்லின்தான் இரண்டு வளையங்களையும் மாற்றிப் போட்டார். இங்கே யாரும் யோசிக்காமல் செய்கிற வேலை அது. ஒரு ஸ்பேனரும் ஒரு மாலைப்பொழுதும் போதும். பதிவு முடிந்ததும் திரும்ப மாற்றியிருப்பார்கள் என்று வெர்லின் நினைத்துக்கொண்டார். பிறகு கிளெலுக்கு நெஞ்சுவலி வந்தது.

மத்தியானம் கார்னெட்டைப் பார்க்கப் போனேன். சோள ரொட்டியும் மோரும் வைத்து உபசரித்தார். விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. இனி கிட்டார்தான் என்றார். வளையத்தைப் பற்றிக் கேட்டேன். மறுக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கிளெல் குடுத்தான், நான் வாங்கினேன். உசுரோட இருந்தவரைக்கும் அவன் திருப்பிக் கேக்கல. அடுத்த மாசம் ஒன்னாம் தேதி உன் பொண்ணு வாசிக்கறதைக் கேக்கறேன்னு சொல்லியிருக்கேன். குழுவுல சேந்துட்டா என் பாஞ்சோவையே அவ வாசிக்கட்டுமே, வளையம் வெளியில போகாது. அதுக்குள்ள இதையெல்லாம் எதுக்குய்யா கிளறுற?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பவும் செய்தார். அந்தக் குழுவில் ஓர் இடத்துக்காக நீ பதினைந்து வயதிலிருந்து காத்திருப்பது அவருக்கும் தெரியும்.

உன் அம்மாவிடம் சொன்னேன். பீன்ஸ் கிள்ளுவதை நிறுத்தாமலே, “பிரிஸ்டல்ல இருக்கறதை வாங்கிட்டு வாயை மூடிட்டு இருங்க. பேப்பர்ல போடற புத்தியை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க” என்றாள். பிறகு, “ஓனாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். அப்போதுதான் அவள் கை பீன்ஸை விட்டு நின்றது.

சிக்கல் அங்கேதான். நீ வேண்டாம் என்றால் வாங்கிக்கொள்ள நாக்ஸ்வில்லிலிருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை, 24ஆம் தேதி, ஓனா வீட்டுக்கு வருகிறார். பழைய பாஞ்சோக்கள் வாங்கி விற்பவர். கையோடு ஸ்பேனர் கொண்டுவருவார். உள்ளே எல்லாம் அதனுடையதே என்று ஓனா அவரிடம் தேவாலயத்தில் சத்தியம் செய்வதுபோல் சொல்வார். அவர் அதைப் பிரித்துப் பார்த்த பிறகு, அந்த அம்மாவை ஏமாற்றுக்காரி என்றுதான் பேசுவார்கள், உனக்கே தெரியும்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: இப்போதிருக்கும் நிலையில் புதியதுதான் மேல். கிளெலின் வளையம் திரும்பி வந்தால் பழையதற்கு ஈடு இல்லை. கார்னெட் வீட்டில் அவருடையதைத் தட்டிப் பார்த்தேன். அந்த ஒலியை நீ எட்டு வயதில் மல்லின்ஸ் வீட்டு வேலியோரம் நின்று கேட்டிருக்கிறாய்.

அந்த நாக்ஸ்வில்காரர் வருமுன் ஓனாவிடம் நான் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் வளையம் வரலாம், வராமலும் போகலாம். மேடையில் உன் இடம் போகலாம். அது என்னுடைய இடம் அல்ல, உன்னுடையது. அதனால் உன் குரலைக் கேட்காமல் ஓனா வீட்டுப் படியேற மனம் வரவில்லை. ராணுவ விடுப்பில் நீ வந்திறங்கும்போது எந்தப் பாஞ்சோ கையில் இருந்தாலும், யாருடைய குழுவில் நின்றாலும், ஓனா வீட்டு வாசலைத் தலைநிமிர்ந்து கடக்கிறவளாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல். ஆண்டவர் உன் விரல்களைக் காப்பாராக.

வளையத்தைத் திருப்பித் தருவது பற்றிக் கார்னெட் இன்னும் முடிவான பதில் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு பேசலாம் என்றிருக்கிறார். பிரிஸ்டல் கடைக்காரர் மாத முடிவுவரை எடுத்துவைப்பார். புதன்கிழமை, 22ஆம் தேதி, பத்திரிகை அலுவலகத் தொலைபேசி அருகிலேயே இருப்பேன். அன்று நீ கூப்பிடாவிட்டால், வியாழன் காலை ஓனா வீட்டுக்குப் போவேன்.

உன் அன்பு அப்பா,
ஹோபர்ட் ஸ்டில்ட்னர்