மேசையில் படுத்திருந்து கமலா சொன்னது

செப். 9, செவ்வாய். உப்புவெளி
விடியவே மேற்கிலிருந்து கச்சான் காற்று. கண்டி ஆஸ்பத்திரிக்குப் பை கட்டினேன். வீட்டில் உடுத்தும் சோட்டி இரண்டு, துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல். மடிப்புச் சரியில்லை என்று மனைவி கமலா எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்கினாள்.
போன மாதம் மீன் வெட்டும்போது அவளுடைய வலக்கை கத்தியை நழுவவிட்டது, நாக்கும் குழறியது. பசி மயக்கம் என்று சோடா உடைத்துக் கொடுத்த மடையன் நான். மூளைக்குப் போகும் கழுத்துக் குழாயில் அடைப்பாம். விட்டால் பேச்சே போகலாம். வீடு அமைதியாகும் என்று பகிடி விட்டேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப். 10, புதன். கண்டி
பஸ்ஸில் வழி முழுக்க அவளுக்கு வாய் ஓயவில்லை. டொக்டர் சிங்களவர். மூதூர்த் தாதி ஒருவர் தமிழில் விளங்கப்படுத்தினார். காலிலிருந்து எடுக்கும் இரத்தக் குழாயை அடைப்பைச் சுற்றி வைத்துத் தைப்பார்களாம், ஆற்றை வாய்க்கால் வெட்டித் திருப்புவதுபோல. முழு மயக்கம் இல்லை, விறைப்பு ஊசிதான். அவள் கதைத்துக்கொண்டே இருக்கவேண்டும். கதை நின்றால் மூளைக்கு இரத்தம் போகவில்லை என்று பொருள்.
கதைக்கா பஞ்சம் என்றேன்.

செப். 12, வெள்ளி
தூறல். கமலாவைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வாங்கிய வடை காகத்துக்கு.
பின்னேரம் தாதி சிரித்துக்கொண்டு வந்தார். பாதி உயிர் திரும்பியது. கமலா அயலட்டைச் சனத்தின் கதை, லண்டனில் மகள் படும் குளிர் எல்லாம் சொன்னாளாம். நடுவில் புருசன் பெயர் என்ன என்று டொக்டர் தாதி மூலம் கேட்க, கப்சிப். திரும்பக் கேட்டும் வாய் திறக்கவில்லை.
"பேச்சுப் போயிட்டுதெண்டு நினைச்சிட்டம் ஐயா. டொக்டருக்கே வேர்த்திட்டுது."
எனக்கு உடனே விளங்கியது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கமலா என் பெயரைச் சொன்னதே இல்லை. "இஞ்சாருங்கோ"தான். மகள் லண்டன் போகும்முன், தபால்காரர் கேட்டாலும் அவளைக் கூப்பிட்டுச் சொல்லவைப்பாள்.
பிறகு என்ன நடந்தது என்றேன்.
"சொன்னவ. நடராசா எண்டு, நல்ல பலமா."

செப். 13, சனி
கழுத்தில் பெரிய கட்டு. கஞ்சியில் உப்பில்லை என்று முறைப்பாடு. பேச்சில் பிசகே இல்லை. அப்பாடா. என் செல்லக் கிழவி.
ஊர் கேட்க என் பெயரைக் கூவினாயாமே என்று சீண்டினேன். கழுத்தைத் திருப்ப ஏலாது, கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.
"முதல் வெக்கத்தில சொல்லேல்லை. பிறகு, உங்கட பேர் மறந்துபோச்சோ எண்டு எனக்கே பயம் வந்திட்டுது. அதுதான் சொல்லிப் பார்த்தனான்."