பத்து மணிக்கு இறங்கும் பிளேன்

புத்தூர்
20.01.1983

அன்புள்ள தம்பி மார்க்கண்டுவுக்கு,

நீயும் கமலாவதியும் சுகமாயிருக்க நகுலேஸ்வரரை வேண்டுகிறேன். இங்கே அம்மா படுத்த படுக்கை. கஞ்சியும் இறங்குவதில்லை. பலாலிப் பிளேன் இரைந்தால் போதும், “உதிலை என்ரை பிள்ளை வாறானோ, பார்” என்கிறா. கொள்ளி வைக்க இருப்பவன் நீ ஒருவன்தான். ஒருதரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

உன் அக்கா
பாலேஸ்வரி

இரத்மலானை
28.01.1983

அன்புள்ள அக்காவுக்கு,

விமான நிலையம் என் வீட்டிலிருந்து நடைதூரம். பலாலிக்கு இருநூறு மைல், பறக்க ஒரு மணித்தியாலம். நீங்கள் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்தில் நான் வந்து இறங்கிவிடுவேன்! மைத்துனியின் கலியாணம் பத்தாம் திகதி. அது முடிந்ததும் வருகிறேன். அதற்குள் ஏதும் என்றால் தந்தி அடியுங்கள், அடுத்த பிளேனில் நிற்பேன்.

அன்புத் தம்பி
மார்க்கண்டு

இரத்மலானை
14.02.1983

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டாம் திகதி தந்தி கிடைத்தது முதல் அழுதபடி இருக்கிறேன். மூன்று நாளும் பிளேனில் இடமில்லை. கெஞ்சியும் பார்த்தேன். பெரியப்பாவின் மகன் ஏரம்பு கொள்ளி வைத்ததாக அறிந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையையாவது எனக்கு விடுங்கள். கீரிமலையில் அம்மாவின் சாம்பலைக் கரைக்காவிட்டால் எனக்கு இந்தக் கை எதற்கு?

மார்க்கண்டு

புத்தூர்
24.02.1983

அன்புள்ள தம்பிக்கு,

அழாதே. மார்ச் பத்தாம் திகதி அந்தியேட்டி. கிரியை பதினொரு மணிக்குத்தான். உனக்கு லீவு கிடைப்பதும் கஷ்டம், ஆகையால் அன்று காலை பத்து மணிக்கு இறங்கும் பிளேனில் வந்தால் போதும். கார்க்காரர் சீவரத்தினம் பலாலியில் நிற்பார்.

உன் அக்கா
பாலேஸ்வரி

கீரிமலை
10.03.1983

மார்க்கண்டு,

சீவரத்தினம் இதை உன்னிடம் தரும்போது எல்லாம் முடிந்து நேரமாகியிருக்கும். பதினொன்று என்று எழுதியது பொய். ஏழு மணிக்கே குருக்களை ஒழுங்கு செய்திருந்தேன்.

உன் அயலில் இருக்கும் எங்கள் ஊர் ஆழ்வாப்பிள்ளை ஒன்பதாம் திகதிப் பிளேனில்தான் செத்தவீட்டுக்கு வந்தார். நாலு இருக்கை வெறுமையாம். திரும்பிப் போய் உன் வீட்டில் துக்கம் கேட்டவரிடம் கமலாவதி சொல்லியிருக்கிறாள், “தங்கச்சிக்குத் தாலி கட்டி முடியும்வரை இவர் எனக்கே சொல்லேல்லை” என்று. சாவுத் துடக்கு என்றால் கலியாணப் பந்தலுக்குள் நீ கால் வைக்க முடியாது. அதற்காகப் பெற்ற தாயின் சாவை ஒளித்தாய். ஆழ்வாப்பிள்ளை இதையெல்லாம் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் உனக்கு அழாதே என்று எழுதினேன்.

நாங்கள் அம்மாவின் உடலை எடுக்காமல் இரண்டு நாள் வளர்த்தி வைத்திருந்தோம். ஒவ்வொரு பிளேன் இரைச்சலுக்கும் நான் வாசல் படலைக்கு ஓடினேன். அப்படி நீயும் ஒருநாள் ஓடிவந்து வெறுங்கையோடு நிற்க வேண்டும் என்று அன்றே நேர்ந்துகொண்டேன். இப்போதும் என் மனம் ஆறவில்லை. ஆனாலும் இதற்காக வருந்த மாட்டேன்.

சாம்பலை ஏரம்புதான் கடலில் கரைத்தான். அதற்குமுன் குருக்கள் மகனின் பெயரைக் கேட்டார்.

“அவவுக்கு மகன் இல்லை ஐயா, நான் ஒருத்திதான்” என்றேன்.

பாலேஸ்வரி