சிவப்பு அட்டை

செந்தாமரைக்கு,

நீ தங்கை வீட்டுக்குப் போனதிலிருந்து நான் வாங்கிய டிரெய்லர் வீட்டில் விளக்கு எரியவில்லை, ஃபேன் ஓடவில்லை. பேனலைக் கழற்றிப் பார்த்தேன். ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பேட்டரியில் சார்ஜும் இருக்கிறது. அலுத்துப்போய்ப் படுக்கையைத் தூக்கினால், அடியில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்து என் பழைய மைன்ஸ் சிவப்பு அட்டையை மாட்டியிருக்கிறாய். அதில் உன் பெயர்.

“ரிட்டயர் ஆனா வூடு கட்டுவீங்கன்னு பார்த்தா, வண்டிய வாங்கினு வந்து நிக்கிறீங்களே” என்றாய், கிளம்பும்போது.

மைன்ஸில் மெஷினை ரிப்பேர் பார்க்கிறவர் சுவிட்சை அணைத்துத் தன் பெயரெழுதி இந்த அட்டையை மாட்டுவார்; மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். வேறு யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது. ஷிப்ட் முடிந்து வந்து நான் புலம்பியதையெல்லாம் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

நான் தொடவில்லை. புழுக்கமாக இருக்கிறது. வண்டியை வடக்குத்து ஊரில் இருக்கும் நம் மனையின் ஓரத்துக்குத் தள்ளி நிறுத்திவிட்டேன். நடுவில் வீட்டுக்கு இடம் இருக்கிறது. அட்டையை நீ வந்து கழற்று.

உன் வீட்டுக்காரன்